குறிப்பு: நாய் உண்டு

பகலில் ஜெலுத்தோங் சந்துகளில்
தண்ணீர் மீட்டர் படிக்கிறேன்.
நாளுக்கு நூற்று எண்பது வீடு.
கைக்கருவியில் எண்ணைத் தட்டியதும்
குறிப்பு என்று ஒரு பெட்டி திறக்கும்.
கேட் பூட்டியிருக்கிறது. நாய் உண்டு.
மீட்டர் மேல் பூச்சட்டி.
ஒருமுறை, வெயில் மண்டைக்கு ஏறிய நேரம்,
ரம்புத்தான் பழுத்துவிட்டது என்று எழுதினேன்.
புவான் ரொஸ்னா கூப்பிட்டுக் கேட்டார்,
கோபமில்லாமல், நிஜமாகவே தெரியாமல்:
இதற்கு எந்தக் கோட்?

இரவு பத்துக்கு மேல் கப்பல் ஓட்டுகிறேன்.
பாயா தெருபோங், பதினோராம் மாடி,
சத்தம் போடும் மின்விசிறிக்குக் கீழே
தவணையில் வாங்கிய கணினி.
தாவு. சூரியனை உரசி எரிபொருள் அள்ளு.
சுற்றிவந்து பார்.
கோள் ஒன்று, பனி.
கோள் இரண்டு, பனி.
கோள் மூன்று, கந்தக மழை, ஈர்ப்பு பாதி, உயிர் இல்லை.
கோள் நான்கு, பனி.

திரும்பிப் போய் நிலையத்தில் ஒப்படைத்தால்தான்
'முதலில் கண்டவர்' என்ற வரியில் என் பெயர் ஏறும்.
வழியில் கப்பல் உடைந்தால்
மூன்று வாரமாய்ப் பார்த்ததெல்லாம்
யாரும் பார்க்காததாகிவிடும்.
நைட் ஷிப்டுக்குக் கிளம்பும் சகாயமேரி
தலையில் கொண்டை ஊசி குத்தியபடி கேட்கிறாள்:
தண்ணிக்காவது பில் வரும்,
இதுக்கு யாருடி காசு கட்டுறது?

பெயர் வைக்கவும் இடம் உண்டு.
தமிழில் தட்டினால் வெறும் கட்டங்கள்.
விடாமல் எண்ணிப் பார்த்தேன்.
'நான்' என்றால் நாலு கட்டம்.
'நீ' என்றால் இரண்டு.
எழுத்து ஒன்றுதானே என்று
மறுபடி தட்டினேன். இரண்டுதான்.

போன செவ்வாய் வெகுதூரத்தில்,
யாரும் வராத கை என்று நினைத்த இடத்தில்,
ஏற்கெனவே ஒரு பெயர்: ஹல்வர்ட்-77.
எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி.
அடுத்ததிலும் அவன். அடுத்ததிலும்.
பதினோரு நட்சத்திரம் ஒரே கோட்டில்
வரிசை வீடுகளைப் போல முடித்திருக்கிறான்,
ஒரு நிலாவைக்கூட விடாமல்.
பன்னிரண்டாவதில் பெயர் இல்லை.

எங்கள் வேலையில் இதற்கு ஒரு கோட் உண்டு:
மீட்டர் ஓடவில்லை.
காரணம் எழுதப் பெட்டி கிடையாது.
வேலை மாறியிருக்கலாம். பிள்ளை பிறந்திருக்கலாம்.
சலித்திருக்கலாம், அதுவும் நியாயம்தான்.
பதினொன்றைத் திரும்பிக் கொண்டுபோய்
ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்,
அது மட்டும் தெரிகிறது.

பன்னிரண்டாவது ஆறே ஒளியாண்டு.
தாவினேன்.
மங்கிய சிவப்புச் சூரியன்,
அதன் ஒரே கோளுக்கு ஒரு நிலா.
நிலாவில் இறங்கி விளக்கை அணைத்தேன்.
பனி பிளந்து தண்ணீர் பீச்சியடிக்கிறது,
பத்து மாடி உயரத்துக்கு,
நின்று, மூச்சு வாங்கி, மறுபடி.
யூனிட் இல்லை, கட்டணம் இல்லை, குழாய் இல்லை.
இத்தனை தண்ணீரை
அளக்காமல் நின்று பார்த்தது
எனக்கு அதுதான் முதல் தடவை.

குறிப்பில் எழுதினேன்:
கேட் இல்லை. நாய் இல்லை. கசிவு உண்டு.
கட்டம் கட்டமாய் விழுந்தது.
அடியில், ஹல்வர்ட்டுக்கும் புரியட்டும் என்று,
அவன் பெயரை அவன் எழுதியபடியே தட்டினேன்.
அது மட்டும் எழுத்தாகவே நின்றது.

இன்னும் ஒப்படைக்கவில்லை.
வீடு திரும்ப நானூறு தாவல்.
கப்பல் அந்த நிலாவில்தான் நிற்கிறது.

காலை ஏழே கால். முதல் வீடு.
கேட் திறந்து கிடந்தது.
குனிந்து மீட்டர் மூடியைத் தூக்குவதற்குள்
பின்னாலிருந்து முழங்காலில் ஈர மூக்கு.
கடிக்கவில்லை. நின்று முகர்ந்தது,
செருப்பு, கால்சட்டை, கை என்று வரிசையாக,
ஒன்றும் விடாமல்.
எண்ணைத் தட்டினேன். பெட்டி திறந்தது.
நாய் உண்டு.
முதலில் கண்டது அது.