தலைக்கணக்கு

கடைசி எல்ஆர்டி போன பிறகு
செங்காங் பதினான்காம் மாடியில்
பெயர்களை அழிக்க உட்கார்ந்தேன்.

விடிகாலை மூன்று மணிக்கு
ஒரே நிமிடத்தில் நாற்பது பேர்
என் அன்னாசி டார்ட் செய்தி வேண்டுமென்று
முகவரி கொடுத்திருக்கிறார்கள்.
க்ஸ்ட்வ்ப் என்று ஒருவர்.
ழ்ற்க்ம் என்று அவர் தம்பி போலும்.
அத்தனையும் மெய்யெழுத்து,
ஒன்றும் மெய்யில்லை.
உயிரெழுத்தே இல்லாத பெயரை
எந்தத் தாய் வாய்விட்டுக் கூப்பிட்டாள்?

தலையை எண்ணித்தான் கட்டணம்.
மாதம் அறுபத்தெட்டு வெள்ளி,
இல்லாத தலைகளுக்கும் சேர்த்து.
இரண்டு டப்பா நெய் வாங்கியிருப்பேன்.

போன வாரம் எல்லாருக்கும்
ஒரு வரி அனுப்பியிருந்தேன்:
நீங்கள்தானா?
மூவாயிரத்துச் சொச்சம் மௌனம்.
எண்பத்தேழு பேர் ஆமாம் என்றார்கள்.
ஈசூன் திருவாட்டி ரொஹானா மட்டும்
ஆமாம், இந்தத் தடவையாவது
சீனியைக் குறை என்றார்.

அழித்து அழித்துப்
பட்டியலின் அடிக்கு வந்துவிட்டேன்.
முதல் நாள். முதல் ஏழு பேர்.
மதுரவல்லி, ம. வல்லி, வல்லி79...
பூஜ்யத்தைப் பார்க்கப் பொறுக்காமல்
நானே போட்டவை.
உயிரெழுத்தெல்லாம் சரியாக இருந்தது.

அவர்களுக்கும் போயிருக்கிறது
அந்த ஒரு வரி.
ஏழு பேரில் ஒருத்திகூட
பதில் போடவில்லை.