பதினொன்று தசம் நான்கு

இரவு ஒன்று பத்துக்கு வந்தன
ஊதா மூடிக் குழாய் ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று.
துண்டில் புஸ்பலோஜினி ஸிஸ்டரின் சாய்ந்த எழுத்து:
பேரின்பராசா, நாற்பத்தொன்பது, மண்டூர்.
வலது சுட்டுவிரலில் ஓரா முள். மூன்று நாள்.

"ஆள் நல்லாத்தான் இருக்கார் மிஸ்" என்றான்
குழாய் கொண்டுவந்த பொடியன்.
பின்னேரம் கடைசிப் பாதையில் ஆறு கடந்து
குருமண்வெளியில் ஆட்டோவுக்குக் காசு பேசி
களுவாஞ்சிகுடி வரை தானாகவே வந்தவராம்.
காய்ச்சல் தொண்ணூற்றொன்பது, அவ்வளவுதான்.
"ஒண்டுமில்லகா. பெனடோல் ரெண்டு தந்தா
விடியக் கிறுகிப் போயிருவன்.
வல தோணிக்குள்ள கிடக்கு."

மூச்சு மட்டும் நிமிடத்துக்கு இருபத்தாறு.
ஸிஸ்டர் இரண்டு தரம் எண்ணியிருந்தா.

சுழற்றியில் வைத்து மூடினேன்.
பத்து நிமிடம். அதற்குள்
எப்போதும் தயாளினி வந்துவிடுவாள்.

இந்த மெஷின் வருவதற்கு முந்திய வருடம்.
பிள்ளை பிறந்து நாலாம் நாள் நடுங்கத் தொடங்கினாள்.
அவள் இரத்தத்தைப் போத்தலில் ஊற்றிச்
சூட்டுப்பெட்டியில் வைத்துக் காத்திருந்தேன்
கிருமி வளர்ந்து தன் பெயரைச் சொல்லட்டும் என்று.
மூன்றாம் நாள் காலை சொல்லிற்று.
எந்த மருந்துக்குச் சாகும் என்பதையும் சொல்லிற்று.
அச்சடித்த தாளோடு வாட்டுக்கு ஓடினேன்.
பன்னிரண்டாம் கட்டிலுக்குப்
புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.
தாளை என்ன செய்வதென்று தெரியாமல்
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கையில்
கூழாகிக் கையோடு வந்தது.

சுழற்றி நின்றது.
கீழே சிவப்பு. மேலே
புதிதாய்க் காய்ச்சிய தேங்காயெண்ணெய் நிறத்தில் சீரம்.

புரோகல்சிற்றோனின் என்று அதற்குப் பெயர்.
சுகமான உடம்பில் தொண்டைச் சுரப்பி மட்டும்
தன் தேவைக்குக் கொஞ்சமாய்ச் செய்துகொள்ளும்.
கிருமி இரத்தத்தில் இறங்கிவிட்டால்
ஈரல், கொழுப்பு, தசை,
அந்த வேலையே தெரியாத இடமெல்லாம் செய்யும்.
வெள்ளத்தில் பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கிய சனம்
ஆளுக்கொரு அடுப்பு மூட்டுவது மாதிரி.
சில மணித்தியாலத்துக்குள் புகை தெரியும்.
காய்ச்சலோ ஆறுதலாகத்தான் வரும்,
சிலருக்கு வராமலே விடும்.

பதினொன்று தசம் நான்கு.

கழுவி மறுபடி ஓட்டினேன்.
பதினொன்று தசம் இரண்டு.
லக்டேட்டும் மூன்றைத் தாண்டியிருந்தது.
வாட்டு ஃபோன் எடுபடவில்லை.
கையுறையோடு படியேறினேன்,
அது விதியில்லை என்று தெரிந்துகொண்டே.

டொக்டர் நஸ்லிமா தாளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.
"நம்பர் வேற, நோய் வேற.
எரிகாயமும் இப்பிடிக் காட்டும், பெரிய ஒப்பரேஷனும் காட்டும்.
வாங்க, ஆளைப் பாப்பம்."

ஆள் சிரித்தார். பேசினார்.
டொக்டர் சாரத்தை முழங்காலுக்கு மேல் உயர்த்தினா.
அதுவரை ஒருவரும் உயர்த்திப் பார்த்திருக்கவில்லை.
தோலில் திட்டுத்திட்டாய்
வலைக்கண் மாதிரி நீலம்.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு முதல் ஊசி.

விடியும்வரை லக்டேட் ஏறிற்று.
நான் டியூட்டி முடிந்தும் போகவில்லை.
மத்தியானம் கொஞ்சம் இறங்கிற்று.
விரலைக் காப்பாற்ற முடியவில்லை.
பதினொன்று, ஒன்பது, நாலு என்று
ஒவ்வொரு காலையும் அவரை
ஒரு குழாயின் உயரத்தில் சந்தித்தேன்.
முகத்தை மறந்துபோனேன்.

எட்டாம் நாள் தசம் ஆறு.
அன்று பத்து மணியளவில்
ஆய்வுகூட யன்னலை யாரோ தட்டினார்கள்.
கட்டுப்போட்ட வலது கை, நாலு விரல்.
"எக்ஸ்ரே எடுக்கிற இடம் எதுகா மகள்?"

"நேரே போய் இடப்பக்கம்" என்றேன்.
"இதுக்குள்ள என்ன செய்யிற?" என்று எட்டிப் பார்த்தார்.
"இரத்தம் பாக்கிற."
"ம்" என்றுவிட்டு நடந்தார்
வலப்பக்கமாக.