ஐஸ் ஆலை வழக்கு

போர்த்தோ நீதிமன்றத்தில் பதினொரு நாள்
வாய்கள் சொல்வதைக் கோடுகளாக்குவது என் வேலை.
வளைவு, புள்ளி, கொக்கி.
அழுகைக்குச் சுருக்கெழுத்தில் குறி கிடையாது;
அந்த இடங்களில் பென்சிலைத் தூக்கிக்கொள்வேன்.

கூண்டில் பால்தசார் கின்தேலா.
வெளுத்த கோட்டு, ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம்.
மத்தோசின்யோஸ் துறைமுகத்தில்
இல்லாத ஐஸ் ஆலைக்கு
நானூற்றுப் பன்னிரண்டு பேரிடம் பங்கு விற்றவன்.
படகுக்காரன் முதல் பாதிரியார் வரை
பாகுபாடில்லாமல் மொட்டையடித்தவன்.

மருந்துக்கடை ஃபிர்மீனோ சொன்னார்:
"முதலில் எனக்குத் தர மாட்டேன் என்றான், ஐயா.
பங்கெல்லாம் தீர்ந்துவிட்டதாம்.
நான்தான் மூன்று முறை அவன் படியேறினேன்.
மூன்றாம் முறை பணத்தை மேசையில் போட்டுவிட்டு
அவன் திருப்பித் தருவதற்குள் ஓடி வந்தேன்."
சபை சிரித்தது.
நான் அரசாங்கத் தாளின் ஓரத்தில்
எனக்கு மட்டும் புரிகிற மாதிரி
ஒரு சின்னக் கொக்கி போட்டேன்.

மீன்காரி தியோலிந்தா:
"நாய்க்கு வயிறு சரியில்லை என்று
ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவை.
அடுத்த மாதம் வந்தவன் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை.
பிஷ்கா எப்படி இருக்கிறாள் என்றான்.
கூடப் பிறந்தவன்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை."
இன்னொரு கொக்கி.

ஆகஸ்ட் வெயிலில், மீன் அழுகும் நாற்றத்துக்கு நடுவில்
ஒரு படகுக்காரரை நிறுத்தி
ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல்
ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் துண்டை
அவர் உள்ளங்கையில் வைத்தானாம்.
அது உருகி முடிவதற்குள்
பத்திரத்தில் கையெழுத்து காய்ந்துவிட்டது.
"அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது?" என்றார் வக்கீல்.
"ஓட்டல் சமையலறையில் திருடியது"
என்றான் பால்தசார், கொஞ்சம் வெட்கத்தோடு,
மற்றதெல்லாம் திருட்டில்லை என்பது போல.

ஒன்பது வருடம்.
எனக்குப் பதினொரு நாள் கூலி,
ஓரங்களில் இருபத்தேழு கொக்கி.

மறு வசந்தத்தில் வேலையை விட்டேன்.
ஆற்றுச் சரிவில் கதவு சரியாகச் சாத்தாத ஒரு கடை.
எண்ணெயில் ஊறிய மத்தி, தகர டப்பாவில்.
ஜன்னலில் மூன்று டப்பா மட்டும் வைத்தேன்,
பின்னறையில் முந்நூறு.
"தீர்ந்துவிட்டதே" என்பேன். பாதி நாள் அது பொய்.
வருகிறவர்களின் நாய், மாமியார், மூட்டுவலி
எல்லாம் நோட்டில் சுருக்கெழுத்தில்.
எழுதி வைத்த அக்கறை அக்கறைதானா, தெரியாது.
ஆனால் இரண்டாம் வருடம்
நோட்டைத் திறக்காமலே நாய்களின் பெயர் வந்தது.
ஒரு கிழட்டு நாய் செத்தபோது
கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.
அது எந்தக் கொக்கியிலும் இல்லை.

பத்தாம் வருடம், மழை நாள்.
அதே கோட்டு. பொத்தான்கள் எல்லாம் இப்போது ஒரே நிறம்.
என்னை அவனுக்குத் தெரியவில்லை;
எழுதுகிறவளின் முகத்தை யார் பார்க்கிறார்கள்?
"ஒரு டப்பா."
"தீர்ந்துவிட்டதே."
சிரித்தான்.
"மூன்று முறை படியேற என் முழங்கால் ஒத்துவராது, அம்மா."

கொடுத்தேன். கல்லாப்பெட்டி மேலேயே வைத்துத் திறந்தான்.
விரலை விட்டு எண்ணினான்.
"ஐந்து."
நிமிர்ந்து பார்த்தான்.
"எல்லா டப்பாவிலும் இப்படி உள்ளே இருக்குமா?"
"இருக்கும்."
"அதற்கு எக்கச்சக்கமாகச் செலவாகுமே"
என்றான், நிஜமான கவலையோடு.
நின்றபடியே ஐந்தையும் தின்றான்,
முள்ளையும் விடவில்லை.
காசை வைத்துவிட்டு மழையில் இறங்கினான்.

அவன் திருப்பம் தாண்டும்வரை காத்திருந்து
அந்த எஸ்குதோவை விளக்கில் காட்டி,
கல்லில் தட்டி, கடித்தும் பார்த்தேன்.
நல்ல காசு.
வெகுநேரம் அதைக் கல்லாவில் போடவில்லை.