ஆஸ்பத்திரி செட்

கைப்பைக்கு ஏழு கிலோ.
பெரிய பெட்டி நேற்றே நிறைந்துவிட்டது,
மேலே ஏறி உட்கார்ந்துதான் ஜிப்பை இழுத்தேன்.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் பட்டியல்:
ஜெஸ்ஸிக்கு மல்லிகை
(எப்படிக் கொண்டுவருவதென்று அவள் சொல்லவில்லை),
மரிசெலுக்கு உறைப்பாய் ஏதாவது,
சூப்பர்வைசருக்கு "உங்கள் ஊர்ப் பொருள்".

உசிலம்பட்டியில் கிளம்பும்போதே
ஒச்சப்பன் சொல்லிவிட்டான்:
"ஆறரைக்கு பிளைட்டுன்னா மூணு எடத்துலதான்க்கா நிப்பேன்."
ஐந்து இடத்தில் நின்றான்.
இரண்டு அவனுடைய வடைக்கு.

செக்கானூரணிச் சேவுக் கடையில்
பூண்டு தட்டிப்போட்ட காரச்சேவு ஒரு கிலோ.
தராசு நேரானதும்
கடைக்காரர் இன்னொரு கை அள்ளிப் போட்டார்.
"வேணாம்ணே, எடை கூடிரும்."
கொசுறு வேண்டாமென்ற ஆளை
அவர் அதுவரை பார்த்ததில்லை போல.
எனக்கு ஏதோ கோபமென்று நினைத்து
மேலும் ஒரு கை போட்டார்.

மல்லிகையை மொட்டாக வாங்கி
ஈரத்துணி சுற்றி தெர்மோகோல் பெட்டியில் வைத்தேன்.
தடுப்பூசி கொண்டுபோகிற மாதிரிதான்,
அது மட்டும் எனக்கு நன்றாக வரும்.

விளாச்சேரியில்
வெயிலுக்கு வைத்த பத்துக் கிருஷ்ணர்கள், தலையில்லாமல்.
தலைகள் தனியே ஒரு முறத்தில்,
எல்லாம் ஒரே சிரிப்பு.
பூமயிலுக்கு முழங்கை வரை நீலம்.
"கல்யாண செட் இருக்கு, கிரிக்கெட் இருக்கு, என்ன வேணும்?"
அலமாரியின் மூலையில் ஆஸ்பத்திரி:
ஒரு கட்டில், ஒரு நோயாளி,
கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு டாக்டர்,
வெள்ளைக் குல்லாய் வைத்த நர்ஸ்.
குல்லாய் வைத்த நர்ஸை நான் கண்டதில்லை.
ஆனால் இடுப்பில் கைவைத்து
ஒரு காலில் பாரத்தை இறக்கி நிற்கிறாளே,
அது விடிகாலை மூன்று மணி நிற்பு.
யாரைப் பார்த்து வனைந்தாளோ.

"நர்ஸ் மட்டும் எவ்வளவு?"
"தனியாத் தர்றதில்ல."
"ஒண்ணே ஒண்ணு, கூடப் போட்டுத் தர்றேன்."
"நர்சை நீங்க தூக்கிட்டுப் போயிட்டா
படுத்திருக்கவன் கதி?"
பன்னிரண்டு வருஷ சர்வீசில்
இதற்குப் பதில் சொல்ல நான் படிக்கவில்லை.
அறுநூறை ஐந்நூற்றைம்பதாக்கினேன், அவ்வளவுதான்.
அவள் நோயாளியை முதலில் சுற்றினாள்,
கழுத்து வரை செய்தித்தாள் இழுத்துவிட்டு.

விமான நிலையத்தில் எட்டு புள்ளி நான்கு.
கடைக்காரரின் இரண்டு கையும் அதில் இருக்கிறது.
அந்தப் பெண் சொன்ன தொகைக்கு
அவர் சட்டியோடு சேவு தருவார்.
நல்லவேளை, ஒச்சப்பன் போயிருக்கவில்லை.
வாசல் காவலரிடம் கெஞ்சி, கம்பிக்கு இந்தப் பக்கம்
தரையில் பையைப் பிரித்தேன்.
சேவை எடுத்தால் மரிசெல் பேசமாட்டாள்.
மல்லிகைக்கு எடையே இல்லை.
கட்டிலைக் கொடுத்தேன்.
தரையில் படுத்தவர்களுக்கும் டிரிப் போட்டிருக்கிறோம்.
போதவில்லை.
டாக்டரையும் கொடுத்தேன்.
டாக்டர் இல்லாமல் ராத்திரியை ஓட்டுவது
எங்களுக்கென்ன புதிதா.
ஏழு புள்ளி ஒன்று.
அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு
ஏழு என்று எழுதினாள்.
அன்றைக்கு மூன்றாவது கொசுறு.

அஜ்மானில் மல்லிகை பாதி பழுப்பு.
மீதிப் பாதியைத் தலையணையில் பரப்பி
டூட்டிக்குப் போகாமல் தூங்கினாள் ஜெஸ்ஸி.
மரிசெல் அழுதாள், தண்ணீர் குடித்தாள்,
மறுபடி கை நீட்டினாள்.
சூப்பர்வைசரை அடியோடு மறந்திருந்தேன்.
முக்குக் கடையில் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன்.
"உங்கள் ஊரில் இதுவும் விளையுமா?" என்றார்.
ம், என்றேன்.

நர்ஸும் நோயாளியும் ஜன்னல் ஓரம்.
நேற்று ராத்திரி ரெண்டரைக்கு
ஒச்சப்பன் ஒரு படம் அனுப்பினான்:
ஸ்டியரிங்குக்கு முன்னால்,
எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் டாக்டர்.
கீழே ஒரு குரல் பதிவு:
"டாக்டர் சொகமா இருக்காருக்கா.
எனக்குத்தான் மூணு நாளா வயிறு ஒரே பொருமல்.
என்ன மாத்திரை போடலாம்?"