குட்டிக்குதிரைக் குளம்பு

கார்டிஃப்பிலிருந்து காகிதம் வந்தது:
மாஸ்டினின் நெஞ்சில் முப்பது சதவீதம் தூசு.
மீதி எழுபது யாருடையதென்று
அதில் எழுதவில்லை.

அது மார்ச் முதல் வாரம்.
சுரங்கம் துப்பிய கரிக்கழிவு மேட்டில்,
புல்லே வேர்விட யோசிக்கும் சரிவில்,
மஞ்சளாய்த் திறந்திருந்தது.
இலை இல்லை. இலைக்கு முந்திக்கொண்ட பூ,
பந்தி விரிக்கும் முன்னே வந்து உட்கார்ந்துவிட்ட ஆள் மாதிரி.
பின்னால் வரப்போகும் இலையின் வடிவத்தை வைத்து
எங்கள் வெல்ஷ் மொழியில் அதன் பேர்
குட்டிக்குதிரைக் குளம்பு.

இருமலுக்கு ஆகும் என்பார்கள்.
பூ ஒரு அடுக்கு, சர்க்கரை ஒரு அடுக்கு,
ஜன்னலோரம் மூன்று வாரம்.
உலர்ந்த இலையைக் குழாயில் அடைத்துப் புகைப்பவர்களும் உண்டு.
இருமலுக்குப் புகை;
பாலுக்குப் பூனை காவல்.

டாக்டர் லூகர் சிரித்தார்.
"தொண்டைக்கு இதமாயிருக்கும், மிஸஸ் பார்ஃபிட்.
கல்லானதை அது கரைக்காது."
கரைக்காதென்று எனக்கும் தெரியும்.
ஆனாலும் கால் சறுக்கச் சறுக்க ஏறினேன்.
கை சும்மா இருந்தால்
காது அவர் மூச்சையே எண்ணுகிறது.

இந்த வருஷம் புட்டி சீக்கிரம் காலி.
நாளைக்கு மூன்று கரண்டிதான் என்றிருந்தேன்,
ஒன்பதாம் நாள் அடி தெரிந்தது.
இருமல் மட்டும்
வைத்த இடத்தில் அப்படியே.

வியாழக்கிழமை அவர் பின்னாலேயே போனேன்.
பத்தடிக்கு ஒருதரம் வேலியைப் பிடித்து நின்று நின்று
சேப்பலுக்குப் பின்னே புல்வெளிக்குப் போனார்.

அங்கே டர்பின்.
பதினோரு வருஷம் இவர் விளக்குக்குப் பின்னால்
பூமிக்கடியில் கரிவண்டி இழுத்த குதிரை.
மேலே கொண்டுவந்து இரண்டு வருஷமாகியும்
தலையைத் தாழ்த்தியே நடக்கிறது,
வானம் இடிக்கும் என்று.

அதுவும் இருமியது.
விலா இரண்டும் துருத்தியாய் ஏறி இறங்கின.
அதை யாரும் கார்டிஃப்புக்குக் கூட்டிப்போய்ப்
படம் எடுக்கவில்லை.

உள்ளங்கையில் ஊற்றி நீட்டினார்.
விரலிடுக்கு வரைக்கும் நக்கியது.
"எனக்காவது காகிதம் இருக்குதடா"
என்று சொல்லிவிட்டு
இருவருமாய் இருமினார்கள்,
ஒருவர் முடிக்க மற்றவர் தொடங்கி.

நான் பார்த்ததாய்க் காட்டிக்கொள்ளவில்லை.

இன்று மறுபடி மேட்டில், பெரிய கூடையோடு.
தாமதமாகிவிட்டது. பாதிப் பூ நரைத்துப்
பஞ்சாய்ப் பறக்கிறது.
மிச்சத்தைப் பொறுக்குகிறேன்.
என் செருப்பு பதிந்த கரித்தூளில்,
குதிகாலுக்குப் பக்கத்தில்,
முதல் இலை
குளம்பு ஊன்றுகிறது.