பன்னிரண்டு ரூபாய், பில் இல்லை

ஒன்பதாவது தோல்விக்கு மறுநாள்
முதலாளி கூப்பிட்டு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார்.
மண்டபம், ஐஸ் பிளாண்ட் மாடி, காலை பதினொன்று.
கீழே இறாலுக்குத் தலை கிள்ளும் பெண்களின் பேச்சு,
மேலே நானும் விசைப்பலகையும்.
‘தங்கள் சேவைக்கு நன்றி.’
நன்றி என்று தொடங்கும் கடிதம் எதுவும்
எங்கள் அலுவலகத்திலிருந்து நல்ல சேதி கொண்டுபோனதில்லை.

குருசுமுத்து, பயிற்சியாளர்,
மாதம் முப்பத்தெட்டாயிரம், பிடித்தம் போக.
எனக்குக் கூடைப்பந்து தெரியாது.
அவரை எனக்கு வவுச்சர்களில்தான் தெரியும்.
வாழைப்பழம் இரண்டு சீப்பு.
முட்டிக்குச் சுற்றும் டேப், நாலு உருளை.
பரமக்குடியில் வண்டியைத் தவறவிட்ட லெவிஞ்சனுக்கு
ஆட்டோ, இருநூற்று எழுபது.
வலை ஒன்று; கூடைக்கு, மீனுக்கு அல்ல
என்று அவரே கோடிட்டு எழுதியிருந்தார்,
போன தடவை நான் அதைப் படகுச் செலவில் ஏற்றிவிட்டதால்.

இந்தக் கடற்கரைக்குக் கேள்வி புதிதில்லை.
நாலு பாடு வெறுங்கையாய்த் திரும்பினால்
விசைப்படகுக்கு டிரைவரை மாற்றுவார்கள்.
“பின்னே, கடலையா மாத்த முடியும்?” என்பார்
எங்கள் பகுருதீன் முதலாளி.
நியாயம்தான்.
புது டிரைவர் போன முதல் நாளே மீன் பட்டதுண்டு.
படாத நாட்களை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

குருசுமுத்து மேல் பிழையே இல்லை என்று சொல்லமாட்டேன்.
காரைக்குடியில் இரண்டு புள்ளியில் தோற்ற அன்று
அவர் கையில் ஒரு டைம் அவுட் மிச்சம் இருந்ததாம்.
மிச்சம் பிடிப்பது என் தொழில், நான் மெச்சியிருப்பேன்.
“ஆட்டத்துல மிச்சம்னா அது நஷ்டம்க்கா” என்றான்
கம்ப்ரஸர் ரூம் பையன்.
கால் வீங்கிய கிங்ஸ்லியை
இன்னும் மூன்று ஆட்டம் இறக்கியதும் அவர்தான்.
தோற்றுத் திரும்பும் பேருந்தில்
பாம்பன் காற்று மாதிரி விடாமல் திட்டினாலாவது பரவாயில்லை,
ஒன்றும் பேசமாட்டாராம்.

ஆனால் பேரேடு என்னிடம் இருக்கிறது.
போன வைகாசியில் கம்ப்ரஸர் படுத்தபோது
உயரமான ஆள் ஒருவனை எடுக்க ஒதுக்கிய பணம்
அதற்குள் போய் உறைந்தது.
கையெழுத்து முதலாளியுடையது, பதிவு என்னுடையது.
ஆறடி நாலங்குலம் கேட்ட மனிதருக்கு
நாங்கள் கொடுத்தது மைனஸ் இருபது டிகிரி.

கையெழுத்துக்குப் பேனா திறந்தவர் நிறுத்தினார்.
“நீ என்னம்மா சொல்றே, ஜெரோமினா?”
தொகையை மட்டும் சொன்னேன்.
பன்னிரண்டு பேரை மாற்ற இவ்வளவு,
ஒருவரை அனுப்ப இரண்டு மாதச் சம்பளம்.
எது மலிவு என்று பேரேட்டில் தெரிகிறது, முதலாளி.
யாரால் தோற்றோம் என்பதற்கு அதில் பத்தி இல்லை.
அவர் கண்ணாடியைத் துடைத்தார்.
கச்சான் காற்று ஜன்னலில் உப்பைப் பூசிக்கொண்டிருந்தது.
கையெழுத்துப் போட்டார், தேதி போடவில்லை.
“சனிக்கிழமை ஆட்டம் முடியட்டும்.”

வெள்ளி மாலை குருசுமுத்து மாடியேறி வந்தார்,
கழுத்தில் விசில், செருப்பில் மணல்.
“பம்ப் ஊசி ஒண்ணு வாங்கினேன், பன்னிரண்டு ரூபா.
கடைக்காரன் பில் தரமாட்டேன்னுட்டான்.”
பில் இல்லாமல் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.
மேசைமேல் அந்தக் கடிதம் குப்புறக் கிடந்தது,
ஓரம் படபடத்தது, ஸ்டேப்ளரைத் தூக்கி மேலே வைத்தேன்.
அவர் ஸ்டேப்ளரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“நாளைக்குக் காத்து விழுமா, சார்?”
ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.
“விழாது. தாழ எறியச் சொல்லியிருக்கேன்.”

ஒரு பத்து ரூபாய்த் தாள், ஒரு இரண்டு ரூபாய் நாணயம்.
எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டதற்கு
படியில் பாதி இறங்கியவர் சொன்னார்,
“காத்துன்னு போட்டுக்குங்க.”

போட்டுக்கொண்டேன்.
ஆடிட்டர் கேட்பார். கேட்கட்டும்.