காரணம் எழுதும் பக்கம்

சேவுகமூர்த்தியின் கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கம் யாருக்கும் காட்டாத பக்கம்.
எனக்குக் காட்டினான்,
இரண்டு அரைநெல்லிக்காய்க்கு.

இடப்பக்கம் மார்க்கு. வலப்பக்கம் காரணம்.
ஆறு: பேனா கசிந்தது.
ஒன்பது: குறுக்கே பூனை.
நாலு: டீச்சருக்குத் தலைவலி.
பதினொன்று: பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது.
ஏழு: கணக்கு நம்ம குடும்பத்துக்கே வராது, அப்பா சொன்னார்.
எல்லாம் இருபத்தைந்துக்கு.

நான் சிரிக்கவில்லை.
என் பாக்ஸில் சிவப்பு கிளிப் ஒன்று இருந்தது.
அதை மறந்துவிட்டுப் போன அன்றைக்கு
சமூக அறிவியலில்...
சரி, அது வேறு கதை.

புதுவயலில் எதுவும் எங்கிருந்தோ வந்து விழும்.
ராத்திரி மில்லில் நெல் அவித்தால்
காலையில் பெஞ்சு மேல் சாம்பல்.
துடைத்தால் மதியம் மறுபடி.
காற்று திரும்பினால் பள்ளத்தூர்க்காரர்களுக்கு.
மார்க்கும் அப்படித்தான் என்றிருந்தோம்.
ஆரோக்கியசெல்வி டீச்சரின் சிவப்பு மையிலிருந்து
யார் தலையில் எது விழுமோ.

நவம்பர் பரீட்சைக்கு முந்தின வாரம்
அவன் அப்பாவுக்கு மில்லில் இரவு ஷிப்ட்.
சோற்றுத் தூக்கைக் கொண்டுபோனவன்
அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்க வேண்டும்.
செய்ய ஒன்றுமில்லை, போனும் அவரிடம்.
விளக்கடியில் களத்துச் சிமெண்ட்டில்
மாவு சலித்த மாதிரி உமிச்சாம்பல்.
விரலால் ஒரு பின்னம் போட்டான்.
முக்கால் வகுத்தல் அரை.
தப்பு.
காலால் அழித்தான்.
மறுபடி. தப்பு.
லாரி ஒன்று பின்னால் வந்து
விடையின் மேலேயே நின்றது.
தள்ளிப் போய்ப் போட்டான்.

ஆறு ராத்திரி.
அப்படித்தான் சொன்னான், நான் பார்க்கவில்லை.
நகக்கண்ணில் கறுப்பு இருந்ததைப் பார்த்தேன்.

பதினேழு வந்தது.

கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு
காரணம் தேடினான்.
பேனா அதே கசிகிற பேனா.
பூனை குட்டி போட்டு வீட்டோடு கிடந்தது.
டீச்சர் யாரையோ திட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.
'பிள்ளையார்பட்டின்னு போடவா?'
போனியா?
'போகல.'

எழுதினான். அழித்தான்.
தாள் மெலிந்து பின்பக்கம் தெரிந்தது.
பிறகு பொடி எழுத்தில்: சாம்பல்.
அதையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.
சாம்பல் எல்லார் வீட்டிலும்தான் விழுகிறது.
அடித்துவிட்டு
யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்து
எழுதினான்:
நான்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.

டிசம்பரில் எட்டு.
அப்பாவுக்குப் பகல் ஷிப்ட்,
சாயங்காலமெல்லாம் போன் இவன் கையில்.
அந்த வரிக்குத்தான் அதிக நேரம் எடுத்தான்.
பேனா கசிந்ததும் நிஜம்,
சட்டைப் பையில் நீலக் குளம்,
நானே சாட்சி சொல்லியிருப்பேன்.
'பே' வரைக்கும் எழுதினான்.
மதிய மணி அடித்தது, எல்லாரும் தட்டோடு ஓடினார்கள்.
திரும்பி வந்து பார்த்தபோது
'பே' அடிபட்டிருந்தது.
பக்கத்தில் அதே பழைய சொல்,
அழுத்தி எழுதி, அடுத்த தாளிலும் பதிந்து.

பொங்கல் கழிந்த பரீட்சைக்கு
தேவகோட்டை அத்தை வீட்டிலிருந்து வந்தான்.
பஸ் வழியிலேயே படுத்துவிட்டது.
முக்கால் மணி நேரம் போய்விட்டது.
பத்து.
காரணம்: பஸ்.
கீழே: பஸ்ஸை நான் ஓட்டவில்லை.
அதற்கும் கீழே, பென்சிலில்:
முந்தின பஸ்?

அந்தக் கேள்விக்குறியை
இன்னும் மையால் எழுதவுமில்லை, அழிக்கவுமில்லை.

இன்றைக்கு அறிவியல்.
வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று
கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
வைக்கவில்லை.
பாக்ஸிலும் போடவில்லை.
தலையில் குத்திக்கொண்டேன்,
எழுதும்போது முடி கண்ணில் விழுகிறது.